சர்வர் சந்தேகங்கள்: பெயர் ஒன்று, எண் வேறு

கேள்வி: மூன்று லினக்ஸ் ஃபைல் சர்வர்களிலும் தனித்தனியாக யூசர்களைச் சேர்த்து வந்தோம். இப்போது என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் முறை) மூலம் இணைத்தால் ஒருவருடைய கோப்புகள் இன்னொருவர் பெயரில் தெரிகின்றன. லாகின் பெயர்கள் எல்லாமே சரியாகத்தான் உள்ளன. எங்கே தவறு?

பதில்: பெயர் நம் கண்ணுக்கு மட்டும்தான். டிஸ்க்கில் உரிமையாளராகப் பதிவாவது யுஐடி எனும் யூசர் எண். என்எஃப்எஸ்ஸும் வழக்கமான 'சிஸ்' பாதுகாப்பு முறையில் அந்த எண்ணை நம்பியே அனுமதி தருகிறது. முதல் சர்வரில் 1003 கணக்காளர், இரண்டாவதில் 1003 பயிற்சியாளர் என்றால், முன்னவரின் கோப்புகள் பின்னவருக்குத் திறந்துவிடும். அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மூன்று சர்வர்களின் பாஸ்வேர்டு கோப்பிலிருந்தும் பெயர், எண் பட்டியல் எடுங்கள். எல்லோருக்கும் 20000-லிருந்து புது எண் கொடுங்கள். பழைய வரிசைக்குள்ளேயே மாற்றினால் ஆபத்து: 1003-ஐ 1005 ஆக்கும்போது, ஏற்கெனவே 1005 ஆக இருந்தவரின் கோப்புகளோடு கலந்துவிடும். பிறகு எது யாருடையது என்று பிரிக்கவே முடியாது.

எண்ணை மாற்றும் முன் அந்த யூசரின் புராசஸ்களை நிறுத்துங்கள். எண்ணை மாற்றும் 'யூசர்மாட்' கட்டளை ஹோம் டைரக்டரிக்குள் இருப்பதைத்தான் மாற்றும். பொதுக் கோப்புறைகளில் கிடப்பது அப்படியே நிற்கும். அவற்றை 'ஃபைண்ட்' கட்டளையில் பழைய எண்ணைக் கொடுத்துத் தேடி, உரிமையாளரை மாற்றும் 'சோன்' கொண்டு மாற்றுங்கள். ஃபைண்டுக்கு 'எக்ஸ்டெவ்' விருப்பம் அவசியம், இல்லையேல் மவுண்ட் ஆகியிருக்கும் (அதாவது இணைக்கப்பட்டிருக்கும்) மற்ற சர்வர்களுக்குள்ளும் புகுந்துவிடும். சோனுக்கு 'எச்' விருப்பம் தராவிட்டால் சிம்லிங்க்கை (வேறு கோப்பைச் சுட்டும் இணைப்பை) விட்டுவிட்டு அது சுட்டும் கோப்பின் உரிமையை மாற்றிவிடும். ஏசிஎல் (தனித்தனி ஆட்களுக்கான கூடுதல் அனுமதிப் பட்டியல்) போட்டிருந்தால் அதிலும் பழைய எண்தான் இருக்கும், சோன் அதைத் தொடாது. குழு எண்ணான ஜிஐடிக்கும் இதே வேலை உண்டு. பழைய பேக்கப்புகளில் பழைய எண்கள் இருக்கும் என்பதால் அந்தப் பட்டியலைத் தூக்கி எறியாதீர்கள்.

கேள்வி: ஒரே பாஸ்வேர்டு, எந்த இயந்திரத்தில் நுழைந்தாலும் அதே ஹோம் டைரக்டரி. வழி என்ன?

பதில்: கணக்குகளை எல்டாப்பில் (மையக் கணக்குப் பதிவேடு) வையுங்கள், பாஸ்வேர்டை அடையாளம் சரிபார்க்கும் கெர்பரோஸிடம் விடுங்கள், இவ்விரண்டோடும் இயந்திரத்தை இணைக்கும் எஸ்எஸ்எஸ்டி ஒவ்வொன்றிலும் ஓடட்டும். புதிதாகத் தொடங்குவோர் கணக்குகளைப் பகிரும் பழைய முறையான என்ஐஎஸ் பக்கம் போக வேண்டாம். அது பாஸ்வேர்டு ஹாஷ்களை (பாஸ்வேர்டின் உருமாற்றிய வடிவங்களை) நெட்வொர்க்கில் மறைப்பில்லாமல் அனுப்பும். கெர்பரோஸில் கடிகாரங்கள் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் லாகின் மறுக்கப்படும், ஆகவே கடிகாரத்தைச் சரியாக வைக்கும் 'குரோனி' ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஹோமுக்கு, தேவைப்படும்போது தானாக மவுண்ட் செய்யும் ஆட்டோஎஃப்எஸ். பாதையில் சர்வர் பெயர் வரவே கூடாது. யூசருக்கு அது எப்போதும் 'ஹோம்' கோப்புறைக்குள் தன் பெயர்தான். எந்தச் சர்வரில் உண்மையில் இருக்கிறது என்பதை ஆட்டோஎஃப்எஸ் மேப் சொல்லட்டும். ஒரே சர்வர் என்றால் நட்சத்திரக் குறியிட்ட ஒரு வரி போதும். மூன்று என்றால் யூசருக்கு ஒரு வரி; அதையும் எல்டாப்பிலேயே வைத்தால் ஒரே இடத்தில் திருத்தலாம்.

ஒன்றை மறப்பார்கள்: 'ஹோம்' முழுவதையும் ஆட்டோஎஃப்எஸ் எடுத்துக்கொண்டால், அதற்குள் உள்ளூரில் இருந்தவை மறைந்துவிடும். எல்டாப் படுத்துவிட்டால் நுழைவதற்கு வைத்திருக்கும் நிர்வாகக் கணக்கின் ஹோம் வேறு இடத்தில் இருக்கட்டும்.

கேள்வி: டிஸ்க் நிரம்பியதால் ஒரு யூசரின் ஹோமை வேறு சர்வருக்கு மாற்ற வேண்டும். அவர் வேலை தடைபடக் கூடாது.

பதில்: முழுக்கத் தடையின்றி முடியாது, ஆனால் சில நிமிடங்களில் முடிக்கலாம். அவர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே கோப்புகளை நகலெடுக்கும் 'ஆர்சிங்க்'கால் ஒருமுறை நகலெடுங்கள். ஹார்டு லிங்க், ஏசிஎல் விருப்பங்களோடு 'நியூமெரிக்-ஐடிஸ்' விருப்பமும் வேண்டும். பிறகு லாகினைப் பூட்டி, புராசஸ்களை நிறுத்தி, 'டெலீட்' விருப்பத்தோடு இரண்டாம் முறை. மாறியது மட்டும் போவதால் இது சீக்கிரம் முடியும். அடுத்து மேப்பில் சர்வர் பெயரை மாற்றி, பழைய மவுண்டை எல்லா இயந்திரங்களிலும் கழற்றிவிட்டு லாகினைத் திறங்கள். மவுண்ட் ஓரிடத்தில் தங்கிவிட்டால் அங்கே அவர் எழுதுவது பழைய நகலிலேயே சேரும். இதைத் தடுக்கப் பழைய டைரக்டரியின் பெயரை மாற்றி வையுங்கள். ஒரு வாரம் கழித்து அழியுங்கள். கோட்டா (யூசருக்கான டிஸ்க் வரம்பு) சர்வருக்குச் சர்வர் தனி, புதியதிலும் போட வேண்டும்.

கேள்வி: ஒருவரைப் புதிய குழுவில் சேர்த்தோம். 'ஐடி' கட்டளை குழுவைக் காட்டுகிறது, கோப்புறை மட்டும் திறக்கவில்லை.

பதில்: அவர் எத்தனை குழுக்களில் இருக்கிறார் என்று எண்ணுங்கள். 'சிஸ்' முறையில் என்எஃப்எஸ் 16 துணைக் குழுக்களுக்கு மேல் அனுப்பாது. சர்வரில் மவுண்ட் கோரிக்கைகளைக் கவனிக்கும் 'மவுண்ட்டி'க்கு 'மேனேஜ்-ஜிஐடிஸ்' விருப்பம் கொடுத்தால், சர்வரே குழுக்களைத் தேடிக்கொள்ளும். அதற்கு அந்தச் சர்வரும் எல்டாப்பைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: முதல் லாகினில் ஹோம் டைரக்டரி தானாக உருவாகாமல் 'அனுமதி மறுப்பு' என்கிறது.

பதில்: 'ரூட் ஸ்குவாஷ்' இயங்குகிறது, இயங்கவும் வேண்டும். அதனால் கிளையன்ட்டின் ரூட்டுக்கு (தலைமை நிர்வாகக் கணக்குக்கு) ஃபைல் சர்வரில் உரிமை இல்லை. கணக்கு உருவாக்கும்போதே ஃபைல் சர்வரில் டைரக்டரியை உருவாக்கி, உரிமையை மாற்றி, உரிமையாளருக்கு மட்டுமான 700 அனுமதி கொடுத்துவிடுங்கள்.