மௌனமாக ஜெபிப்பதால் மனத்துக்கு உண்மையிலேயே புதுப்பெலன் கிடைக்குமா?

சகோதரி, படுக்கையில் இருக்கும் மாமியாரைத் தனியாகக் கவனித்துக்கொள்கிறீர்கள். கண்ணீர்விட்டுக் கதறி ஜெபித்து, இப்போது வார்த்தையே வரவில்லை. பேசாமல் அமர்ந்திருப்பதும் ஜெபம்தானா, அதில் சமாதானம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். சபையில் ஒருவர் ‘அது கிறிஸ்தவ வழக்கமே அல்ல’ என்று சொன்னது உங்களை உறுத்துகிறது என்பதும் புரிகிறது.

அதுவும் ஜெபம்தான். சமாதானமும் கிடைக்கும். ஆனால் ஜெபிக்கிற அந்தக் கால் மணி நேரத்துக்குள்ளேயே அதைத் தேடாதீர்கள். பெரும்பாலும் அது பிற்பாடு, வேலைக்கு நடுவில்தான் தெரியவரும். என் அம்மாவுக்கு மறதி நோய் முற்றியிருந்த ஆண்டுகளில், மதுரை அரசரடிப் பக்கம் எங்கள் வீட்டில் வைத்து நான்தான் பார்த்துக்கொண்டேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் அந்த உறுத்தலைப் பார்ப்போம். பிள்ளையில்லாத அன்னாள் ஒரு மகனைக் கேட்டு, சீலோவிலிருந்த ஆலயத்தில் ஜெபித்தபோது உதடுகள் மட்டும்தான் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை என்று 1 சாமுவேல் முதல் அதிகாரம் சொல்கிறது. ஆசாரியனாகிய ஏலி அவள் குடித்திருப்பதாகவே எண்ணிவிட்டார். பிறகு அவள் எழுந்துபோய்ச் சாப்பிட்டாள். அப்புறம் அவள் துக்கமுகமாய் இருக்கவில்லை. கவனியுங்கள், அப்போது சாமுவேல் இன்னும் பிறக்கவில்லை. கேட்டது கைக்கு வருவதற்கு முன்பே முகம் மாறிவிட்டது.

மாற்கு முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கப்பர்நகூமில் பட்டணத்தார் எல்லாரும் வீட்டு வாசலில் வந்து கூடினார்கள். அநேக நோயாளிகளை இயேசு சொஸ்தமாக்கினார். அடுத்த நாள் அதிகாலையில், இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபித்தார். சீமோன் பின்தொடர்ந்து வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்றார். எந்நேரமும் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த வசனம் எவ்வளவு நன்றாகப் புரியும்! தேவைகள் தீர்ந்த பிறகு அவர் தனிமைக்குப் போகவில்லை. தேவைகள் வாசலில் நிற்கும்போதே போனார்.

சபை வரலாற்றிலும் இது புதிதல்ல. துறவியான வனத்து அந்தோணியார் எகிப்தின் பாலைநிலத்துக்குப் போனது 3ஆம் நூற்றாண்டில். நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி, தத்துவ போதகர் என்று நாம் அறிந்தவர், இயேசு சபையைச் சேர்ந்தவர். அந்தச் சபையில் சேருகிறவர்கள், அதை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்த முப்பது நாள் தியானப் பயிற்சியை மௌனத்தில் இருந்தபடியே செய்கிறார்கள். இவ்வளவு பழைய வழக்கத்தை நம்முடையது அல்ல என்று விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. உரத்த ஜெபத்தை நான் குறைவாக நினைக்கவும் இல்லை. சபையாக ஒன்றுகூடிக் குரலெழுப்பி ஜெபிப்பதில் வேறோர் ஆறுதல் இருக்கிறது. ஆனால் குரல் எழும்பாத நாட்களும் வரும். அப்போது என்ன செய்வது?

எனக்கு 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் வரும் எலியா தீர்க்கதரிசியின் கதைதான் கைகொடுத்தது. பர்வதத்தில் காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் அக்கினியிலும் கர்த்தர் இருக்கவில்லை, பின்பு அமர்ந்த மெல்லிய சத்தம் உண்டாயிற்று என்பதைப் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருப்பீர்கள். அதே அதிகாரத்தின் முற்பகுதியை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, நான் சாக வேண்டும் என்கிறார். தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை, விசுவாசம் போதவில்லை என்று சொல்லவுமில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் அவர் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், படுத்துக்கொண்டார். மறுபடியும் தூதன் எழுப்பி, சாப்பிடு, பயணம் வெகுதூரம் என்றான். உணவும் உறக்கமும் முதலில். மெல்லிய சத்தம் அதற்குப் பின்புதான். இரவெல்லாம் கண்விழித்துவிட்டு விடியற்காலையில் தியானத்தில் தூங்கிவிழுகிறேனே என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகக் குற்றவுணர்வு வேண்டாம். தூக்கம் வந்தால் தூங்குங்கள். ஆண்டவர் சந்நிதியில்தானே தூங்குகிறீர்கள்.

இனி, நான் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். எல்லாருக்கும் இதுதான் வழி என்று எண்ண வேண்டாம்.

ஒரே இடம், ஒரே நேரம். என்னுடையது அடுப்படியை ஒட்டிய ஒரு நாற்காலி. தெரு அடங்கியிருக்க வேண்டும் என்று காத்திருந்தால் மதுரையில் ஜெபிக்கவே முடியாது. விடியுமுன்பே பால் வண்டி, அதைத் தொடர்ந்து டவுன் பஸ், ஆடி மாதம் என்றால் ஒலிபெருக்கி. அந்தச் சத்தங்களோடு சண்டையிடுவதை நான் விட்டுவிட்டேன். அவை வரும், போகும்.

உட்கார்ந்ததும் ஒரே ஒரு வசனத்தை மெதுவாக வாசிப்பேன். பெரும்பாலும் 62ஆம் சங்கீதத்தின் தொடக்கம்: ‘தேவனையே நோக்கி என் ஆத்துமா அமர்ந்திருக்கிறது.’ அதை விளக்கிப் பார்க்க முயல்வதில்லை. பிறகு சும்மா இருப்பேன். மருந்துச் சீட்டு, கேஸ் சிலிண்டர், அண்ணன் பேசிய பேச்சு எல்லாம் மனத்தில் வந்து நிற்கும். ஒவ்வொன்றையும் ‘ஆண்டவரே, இதுவும் உம்முடையது’ என்று அவரிடம் கொடுத்துவிட்டு வசனத்துக்குத் திரும்புவேன். எத்தனை முறை மனம் ஓடினாலும் அத்தனை முறையும் திரும்பலாம். அந்தத் திரும்புதலே ஜெபம் என்று நான் நம்புகிறேன். மனத்தை வெறுமையாக்குவது நம் நோக்கம் அல்ல; நம்மை நேசிக்கிற ஒருவர் எதிரில் இருக்கிறோம். பேச்சு ஓய்ந்த பிறகும் தாயின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் போல இருந்தால் போதும்.

வசனம்கூட நினைவில் நிற்காத நாட்களுக்குக் கிழக்கத்தியத் திருச்சபைகளில் வழங்கிவரும் சிறு ஜெபம் ஒன்று உண்டு: ‘கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்.’ மூச்சோடு சேர்த்து மனத்துக்குள் சொல்லலாம். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும்போதும், துணி அலசும்போதும் சொல்லலாம். சுவிசேஷத்தில் ஆயக்காரனும் எரிகோவின் குருடனும் கேட்ட அதே இரக்கம்தான்.

வீட்டில் இருக்கவே முடியாத நாட்களில் நான் கீழவெளி வீதிப் பேராலயத்துக்குப் போயிருக்கிறேன். நான் தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவள். அது கத்தோலிக்கப் பேராலயம், வியாகுல அன்னையின் பெயரால் அமைந்தது. பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறேன். நீ எந்தச் சபை என்று ஒருவரும் கேட்டதில்லை. மகனை இழந்த தாயின் துயரத்தை நினைவுகூரும் ஆலயத்தில், துயரத்தோடு வருகிறவர்கள் வாய்விட்டு எதையும் விளக்கவேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றும். பக்கத்தில் அப்படி ஓர் ஆலயம் திறந்திருந்தால் தயங்காமல் போய் உட்காருங்கள்.

ஒன்றுமே உணராமல் எழுந்துவருகிற நாட்கள் பல இருக்கும். அவற்றை வீண் என்று தள்ளாதீர்கள். 88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்காவது ஓரிடத்தில் நம்பிக்கைக்கோ துதிக்கோ திரும்பிவிடும். இது திரும்பாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் வேதாகமத்தில் நமக்காக வைத்திருக்கிறார்கள். ஜெபிக்கத் தெரியாதபோது ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8ஆம் அதிகாரம் சொல்வதை நான் எழுத்துக்கு எழுத்து நம்புகிறேன்.

எனக்குள் என்ன மாறியது? அம்மா குணமாகவில்லை. ‘சாப்பாடு ஆயிற்றா’ என்று கேட்பார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் அதையே திரும்பக் கேட்பார்கள். முன்பெல்லாம் எனக்குள் ஏதோ இறுகும். ஒரு நாள், அதே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே அவர்களுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தபோது, அந்த இறுக்கம் இல்லை என்பதைக் கவனித்தேன். எப்போது போனது என்று தெரியவில்லை. மறுபடி வந்த நாட்களும் உண்டு. ஆனாலும் அம்மாவின் கடைசி மாதங்களில் அவர்களோடு இருப்பதை நான் விரும்பினேன், கடமைக்காக இருக்கவில்லை. புதுப்பெலன் என்று ஏசாயா எழுதியதை நான் அந்த அளவில்தான் அறிந்திருக்கிறேன், அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உறக்கமே வராமல், சாப்பாடு பிடிக்காமல், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள், வீட்டாரிடமும் சொல்லுங்கள். அதனால் விசுவாசம் குறைந்துவிடாது. உங்களுக்காக ஜெபிக்கிறோம் என்று சொல்லும் சபைப் பெண்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் யாராவது வந்து மாமியார் பக்கத்தில் இருக்க முடியுமா என்று. எங்கள் சபையில் கேட்டபோது, யாரும் கேட்கவில்லை என்பதால்தான் இதுவரை வரவில்லை என்றார்கள். அவர்கள் வந்ததும் நீங்கள் ஜெபிக்கக்கூட வேண்டாம்; கதவைச் சாத்திவிட்டுத் தூங்குங்கள்.