ஏற்காடு ஏற ஒரு இத்தாலியக் கார்: வீட்டை அடகு வைக்கலாமா?

கேள்வி: வயது 46. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மகள் பதினொன்றாம் வகுப்பு. டெபாசிட்டில் 28 லட்சம் இருக்கிறது. கல்லூரி நாளிலிருந்தே ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர் மேல் ஆசை. ஞாயிறுதோறும் அதில் ஏற்காடு போய் வர வேண்டும். 1972 மாடல் ஒன்றை இறக்குமதி செய்து தருவதாகத் தரகர் சொல்கிறார்; கார் விலை 18 லட்சம். வீட்டின் மேல் 10 லட்சம் கடன் வாங்கி, மீதியை டெபாசிட்டிலிருந்து போடலாமா? பழைய கார் முதலீடுதானே ஐயா?

பதில்: கடன் வேண்டாம். ஆசையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன்.

18 லட்சம் என்பது காரின் விலை மட்டும். சுங்க வரி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்தால் வரி மட்டுமே காரின் விலையைத் தாண்டிவிடும். கப்பல் கூலி தனி. முழுத் தொகையைத் தரகரிடம் எழுத்தில் கேளுங்கள்.

அதைவிட முக்கியமானது ஒன்று. 2021-இல் வந்த மத்திய விதிப்படி, 50 ஆண்டு தாண்டிய காரை விண்டேஜாகப் பதிந்தால் கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டு செல்லும். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்றுதான் சாலையில் எடுக்கலாம். வழக்கமான ஓட்டத்துக்கு அனுமதி கிடையாது. உங்கள் ஞாயிற்றுக்கிழமை ஏற்காடே அங்கே அடிபட்டுப் போகிறது.

முதலீடா என்றால், இல்லை. 2018-இல் 4.84 கோடி டாலருக்கு ஏலம் போன ஃபெராரி 250 ஜிடிஓ வெறும் 36 கார்தான் செய்யப்பட்டது. ஸ்பைடரோ ஒரு லட்சத்துக்கும் மேல் வந்தது. அதிலும் ரசிகர்கள் தேடுவது 1966-இல் வந்த, படகு மாதிரி வால் சரிந்த முதல் வடிவத்தை. உங்கள் 1972 மாடலுக்கு வால் வெட்டிவிட்டாற்போல் இருக்கும். பழைய காரைச் சீர்செய்யப் போடும் பணம் கொலுசின் செய்கூலி மாதிரி; விற்கும்போது திரும்பி வராது. இது உங்களுக்குத் தெரியாததா?

ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருக்கும் நண்பர், ஷெட்டில் நின்ற தன் பழைய காரை விலை பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். பெயின்ட் பளபளவென்று இருந்தது. கதவுக்குக் கீழே ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து லேசாக அழுத்தினேன். பிஸ்கட் மாதிரி நொறுங்கி உள்ளே போய்விட்டது. மலைப் பனி அப்படி. ஸ்பைடரும் துருவுக்குப் பேர்போனதுதான்.

இப்போதைக்கு என் யோசனை, நல்ல நிலையில் ஒரு பிரீமியர் பத்மினி. அதுவும் இத்தாலிக்காரிதான், ஃபியட் 1100-ஐ உரிமம் வாங்கி பம்பாய் குர்லாவில் செய்தார்கள். 1,089 சிசி இன்ஜின், ஸ்டீயரிங் பக்கத்தில் கியர். சாதாரணப் பதிவை 5 ஆண்டுக்கொரு முறை புதுப்பித்தால், கோரிமேடு தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவும் தாராளமாக ஏறலாம். ஏறும்போது வெப்ப முள்ளில் ஒரு கண் இருக்கட்டும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது காரின் மதிப்பைப் பேசி முடிவு செய்யுங்கள். 5 ஆண்டு தாண்டிய காருக்கு அப்படித்தான்.

டெபாசிட்டில் 12 லட்சம் மகள் படிப்புக்கு. அதைத் தொடவே கூடாது. 6 லட்சம் பட்டறைக்கு. வெள்ளி விலை ஏறி ஆர்டர் நின்றால் ஆட்களுக்குக் கூலி அதிலிருந்துதான் போக வேண்டும். மீதி 10 லட்சத்தை அப்படியே விட்டு, மாதம் 25,000 ரூபாய் ஆர்.டி. போட முடிந்தால், 7% வட்டியில் ஏழு ஆண்டில் வரி போக 40 லட்சத்தை ஒட்டி வரும். பத்மினிக்கு இந்தப் பத்திலிருந்து எடுத்தால் அந்த அளவு குறையும். அப்போது உங்களுக்கு 53 வயது, மகள் படிப்பும் முடிந்திருக்கும். ஸ்பைடரை ஓட்ட முடியாவிட்டாலும் வீட்டில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று அன்றும் தோன்றினால், வாங்குங்கள். வீட்டுப் பத்திரம் மட்டும் பீரோவிலேயே இருக்கட்டும்.