எலக்ட்ரீஷியன் வேலை என்றார்கள், மண் வெட்டச் சொல்கிறார்கள்

அன்புள்ள ஐயா,

ஐ.டி.ஐ. முடித்து நான்கு வருடம் வயரிங் வேலை பார்த்தவன் நான். ‘எலக்ட்ரீஷியன், 1,500 திர்ஹம்’ என்று வாட்ஸ்அப்பில் ஏஜென்ட் சொன்னதை நம்பி ஷார்ஜா வந்து 40 நாள் ஆகிறது. சைட்டில் மண் வெட்டவும் மூட்டை தூக்கவும்தான் விடுகிறார்கள். முதல் சம்பளம் 1,000. ‘கேம்ப்பை விட்டு வந்துவிடு, வேறு இடத்தில் சேர்த்துவிடுகிறேன்’ என்கிறார் ஊர்க்காரர் ஒருவர். போகலாமா?

ஒரு வாசகர், ஷார்ஜா

அன்புள்ள தம்பி,

போகாதீர்கள். நாளைக்கும் சைட்டுக்குப் போங்கள். தகவல் சொல்லாமல் தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் வராவிட்டால், ஆளைக் காணோம் என்று கம்பெனி புகார் போடலாம். அதன் பிறகு குற்றம் சுமப்பவர் நீங்கள். ஓராண்டுக்கு வேறு வேலை பெர்மிட்டும் கிடைக்காமல் போகலாம்.

அடுத்து, நீங்கள் கையெழுத்துப் போட்ட ஆஃபர் லெட்டரைத் தேடி எடுங்கள். கையில் இல்லையென்றால் அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆப்பில் உங்கள் ஒப்பந்தத்தைப் பார்க்கலாம். அங்கே ஆஃபர் லெட்டர் அரபியோடும் ஆங்கிலத்தோடும் தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்பது 2016 முதல் விதி. அந்த மொழிகளில் தமிழும் உண்டு. மூன்று இடங்களைப் பாருங்கள்: தொழிலின் பெயர், பேசிக் என்ற அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் தரும் அலவன்ஸ். ஓவர்டைமும் கடைசியில் வரும் பணிக்கொடையும் பேசிக்கை வைத்துத்தான் கணக்கிடப்படும் என்பதால் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள்.

அதில் எலக்ட்ரீஷியன் என்று இருந்தால் சட்டம் உங்கள் பக்கம். எழுத்தில் நீங்கள் சம்மதிக்காமல் முற்றிலும் வேறான வேலையில் நிரந்தரமாக வைத்திருக்க முடியாது. அவசரத்துக்கு என்றாலும் வருடத்தில் 90 நாள்தான். எந்தத் தேதியில் என்ன வேலை, எத்தனை மணி நேரம், ஃபோர்மேன் யார் என்று இன்றிலிருந்து நோட்டில் எழுதுங்கள். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அதே ஆப்பில் அமைச்சகத்துக்குப் புகார் கொடுக்கலாம். சம்பளம் வங்கி வழியாக வந்திருந்தால் 1,000 என்ற கணக்கே சாட்சி.

ஹெல்பர், 1,000 என்று இருந்தால்? கிளம்புவதற்கு முந்தின இரவு ஏஜென்ட் ஆஃபீஸில் தாள்மேல் தாளாக வைத்துக் கையெழுத்து வாங்கியிருந்தால் இப்படித்தான் இருக்கும். அப்போது கம்பெனியோடு மோதிப் பயன் குறைவு. புரொபேஷன் என்ற சோதனைக் காலம் அதிகபட்சம் ஆறு மாதம். அதற்குள் ஊர் திரும்ப 14 நாள் நோட்டீஸ் போதும். அங்கேயே கம்பெனி மாற ஒரு மாத நோட்டீஸ் வேண்டும். உங்களைக் கொண்டுவந்த செலவைப் பழைய கம்பெனி கேட்டால் கொடுக்க வேண்டியது புதிய கம்பெனி, நீங்கள் அல்ல. ஊர்க்காரர் சொல்லும் இடம் உண்மையானதென்றால் முதலில் அவர்களுடைய ஆஃபர் லெட்டரை வாங்கித் தரச் சொல்லுங்கள். பிறகு நோட்டீஸ் கொடுங்கள்.

ஏஜென்டின் வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கு மேல் கொடுத்திருந்தால், பணம் அனுப்பிய ரசீதோடு வீட்டிலிருந்து யாராவது சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் மனு கொடுக்கட்டும்.

பாஸ்போர்ட் கம்பெனி கையில் இருந்தால் திருப்பிக் கேளுங்கள். அதை வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமையில்லை. ஆஃபர் லெட்டரின் படத்தை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.