கண்டுபிடித்த பிறகு தொலைந்துபோன தீவு

கேள்வி: பூவே தீவை 1739-லேயே கண்டுபிடித்துவிட்டார்களாம். ஆனால் பிற்பாடு ஆங்கிலேய மாலுமி கேப்டன் குக் தேடிப்போயும் கிடைக்கவில்லையாம். இருக்கிற தீவு எப்படி சார் காணாமல் போகும்?

பதில்: தீவு எங்கேயும் போகவில்லை, இடத்தைக் குறித்ததில்தான் தப்பு. 1739 ஜனவரி 1 அன்று பிரெஞ்சு மாலுமி பூவே தெ லோசியே, தென் அட்லாண்டிக்கில் மூடுபனிக்கு நடுவே ஒரு நிலத்தைப் பார்த்தார். கரையிறங்க முடியவில்லை, அது தீவு என்றுகூடத் தெரியாமல் தென்துருவக் கண்டத்தின் முனை என்றே நினைத்துக்கொண்டார். அட்சரேகை பிரச்சினை இல்லை, சூரியனின் உயரத்தை அளந்தால் ஓரளவு வந்துவிடும். தீர்க்கரேகைக்கு மட்டும் புறப்பட்ட ஊரின் நேரம் நடுக்கடலிலும் துல்லியமாகத் தெரிய வேண்டும், அலையாட்டத்தில் அப்படிச் சரியாக ஓடும் கடிகாரம் அவரிடம் கிடையாது. கப்பலின் வேகத்தையும் திசையையும் வைத்துப் போட்ட குத்துமதிப்புக் கணக்குதான்! தீவு இருக்கிற அட்சரேகையில் தீர்க்கரேகை ஒரு பாகை பிசகினாலே சுமார் 65 கிலோமீட்டர் போய்விடும், அவர் குறித்ததோ பல நூறு கிலோமீட்டர் கிழக்கே. குக்கிடம் அருமையான கடிகாரம் இருந்தது, ஆனால் விலாசமே தப்பாக இருக்கும்போது கடிகாரம் என்ன செய்யும்? பூவே பார்த்தது பனிக்கட்டியாக இருக்கும் என்ற முடிவுக்குக் குக் வந்துவிட்டார்.

1808-ல் திமிங்கல வேட்டைக் கப்பல்கள் தீவை மறுபடி பார்த்தன. 1825-ல் நாரிஸ் என்ற கேப்டன், பக்கத்திலேயே தாம்சன் என்று இன்னொரு தீவும் இருப்பதாக எழுதிவைத்தார். அப்படி ஒன்று கிடையாது, பனிமலையைப் பார்த்து ஏமாந்திருப்பார் என்பது என் எண்ணம். அப்படியும் 1943 வரை அது வரைபடத்தில் இருந்தது. 1898-ல் ஜெர்மனியின் வால்டிவியா கப்பல்தான் பூவேயின் இடத்தைச் சரியாகக் குறித்தது.

கேள்வி: இப்போதுதான் செயற்கைக்கோள் இருக்கிறதே, அந்த வரைபட வேலை முடிந்த கதைதானே?

பதில்: முடியவில்லை, ஏனென்றால் தீவே மாறிக்கொண்டிருக்கிறது. மொத்தம் சுமார் 49 சதுர கிலோமீட்டர், அதில் 93 சதவீதம் பனி, கரையில் பெரும்பாலும் நேராகக் கடலுக்குள் இறங்கும் பனிச்சுவரும் அதன் அடியில் ஒடுக்கமான கருமணலும்தான். 1955-க்கும் 1958-க்கும் நடுவே மேற்குக் கரையில் பாறை சரிந்து, நீரோய்சா என்ற புதுத் திட்டு உண்டானது. அப்புறம் பென்குயினும் கடல்நாயும் அங்கே குடியேறிவிட்டன. 1996-ல் நார்வேக்காரர்கள் அதே திட்டில் ஓர் ஆய்வுக் குடில் வைத்தார்கள். நிலநடுக்கம் தரையை இளக்கிவிட, குளிர்காலப் புயல் குடிலைக் கடலுக்குள் அடித்துக்கொண்டு போய்விட்டது. அது போன விஷயமே 2007-ல் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது.