காயலான் கடைக்குப் போகும் முன் மிக்ஸியின் ஜாரைப் பாருங்கள்

கேள்வி: அரசு கொடுத்த விலையில்லா மிக்ஸி எங்களிடம் இருக்கிறது. தேங்காய்ச் சட்னி அரைக்கும்போது கருகிய வாசனை வந்து நின்றுவிட்டது. இப்போது சுவிட்சைப் போட்டால் ‘உம்ம்’ என்று முனகுகிறது, பிளேடு அசையவில்லை. மோட்டார் போய்விட்டது, காயலான் கடையில் போட்டுவிடலாம் என்கிறார்கள் வீட்டில். சரிசெய்ய வழியுண்டா?

பதில்: போட்டுவிடாதீர்கள். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த மிக்ஸிகள் பல வீடுகளில் இப்படித்தான் பரணுக்குப் போயின. முனகல் சத்தம் வருகிறது என்றால் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது, சுற்ற முடியாமல் ஏதோ பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது ஜார்தான்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஜாரைக் கவிழ்த்து, அடியிலுள்ள கப்ளரை (மோட்டாரோடு கோத்துக்கொள்ளும் பல் உள்ள பாகம்) விரலால் சுற்றுங்கள். பிளேடும் சேர்ந்து தடையில்லாமல் சுற்ற வேண்டும். இறுகியிருந்தால் நோய் அங்கேதான். பிளேடின் தண்டு ஒரு புஷ்ஷுக்குள், அதாவது சின்னக் குழாய் போன்ற பாகத்துக்குள், சுற்றுகிறது. வாஷர் தேய்ந்ததும் மாவுத் தண்ணீரும் மசாலாவும் அந்தச் சின்ன இடைவெளிக்குள் இறங்கிக் காய்ந்து, தண்டைப் பசை போலப் பிடித்துக்கொள்ளும். அரைத்ததை வழித்துவிட்டு ஜாரைக் கழுவாமல் இரவு முழுக்க வைத்தால் இது சீக்கிரம் நடக்கும்.

ஜாருக்குள் பிளேடு மூழ்கும் அளவு வெந்நீர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு கவிழ்த்து, கப்ளரை ஒட்டித் தண்டு நுழையும் இடத்தில் நாலைந்து சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, ஒரு மணி நேரம் கழித்து இரு பக்கமும் மாறி மாறித் திருப்புங்கள். முதலில் கொஞ்சம்தான் அசையும். விடாமல் திருப்பினால் இளகும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் கப்ளர் பல் உடையும். இளகியதும் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். பிறகு பிளேடைத் துணியால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். தண்டு லொடலொடவென்று ஆடினாலோ, ஜாரின் அடியில் கறுப்புத் தண்ணீர் கசிந்தாலோ புஷ் தேய்ந்துவிட்டது. புஷ், தண்டு, வாஷர் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். தேய்ந்த தண்டில் புது புஷ் மட்டும் போட்டால் அது மறுபடி சீக்கிரமே தேயும்.

அடுத்து மிக்ஸியின் மேல் இருக்கும் கப்ளர். இறுகிய ஜாரை மோட்டார் சுற்றப் பார்க்கும்போது முதலில் தேய்வது இதன் பல்தான். நீங்கள் சொன்ன கருகிய வாசனை இந்தக் கப்ளருடையதாகவே இருக்கலாம். பல் மொழுக்கையாகியிருந்தால் மாற்றுங்கள். பிளேடின் கூர்முனை எந்தத் திசையை நோக்கி ஓடுமோ, கப்ளரையும் அதே திசையில் திருப்பினால் கழலும். ஆனால் கீழே மோட்டார் தண்டு சுற்றாமல் பிடித்திருக்க வேண்டும். அதற்கு அடிமூடியைத் திறந்து, தண்டின் அடிமுனையில் பள்ளம் இருந்தால் ஸ்குரூடிரைவரை அதில் வைத்துப் பிடியுங்கள். பிளாஸ்டிக் விசிறியைப் பிடித்தால் அது உடைந்துவிடும். கடைக்குப் போகும்போது பழைய கப்ளரையும் ஜாரையும் கையோடு கொண்டுபோங்கள். பல் எண்ணிக்கை மாடலுக்கு மாடல் மாறும்.

ஜாரை மாற்றிப் பார்த்தும் முனகல்கூட வராமல் ஊமையாக இருந்தால், மிக்ஸியின் அடியில் இருக்கும் சிவப்புப் பட்டனைப் பாருங்கள். சுமை கூடினால் அது வெளியே வந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். பத்து நிமிடம் ஆறவிட்டு உள்ளே அழுத்துங்கள். சில மாடல்கள் ஜார் சரியாக உட்காராவிட்டாலும் ஓடாது.

ஓடும்போது விட்டுவிட்டு நின்றால், அல்லது காற்றுத் துளை வழியே நீலப் பொறி பெரிதாகத் தெரிந்தால் கார்பன் பிரஷ்ஷைச் சந்தேகியுங்கள். மோட்டாரின் சுற்றும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொண்டுபோகும் கரித்துண்டு அது. மோட்டாரின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக ஸ்பிரிங்கோடு உட்கார்ந்திருக்கும். நீளம் 5 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் இரண்டையும் ஒன்றாகவே மாற்றுங்கள். அளவு அச்சாகப் பொருந்த வேண்டும்: தடித்தால் கூட்டில் சிக்கும், மெலிந்தால் ஆடிப் பொறி பறக்கும். பிரஷ் உரசும் செம்பு வளையம் கறுத்திருந்தால் ஜீரோ நம்பர் மணல்தாளால் லேசாகத் தேய்த்து, தூளை உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். எமரி பேப்பர் வேண்டாம். அதன் துகள் செம்புப் பட்டைகளுக்கு நடுவே தங்கிக் கெடுதல் செய்யும். புது பிரஷ் போட்டதும் ஜாரில் எதுவும் போடாமல் முதல் வேகத்தில் ஓரிரு நிமிடம் ஓட்டினால் நன்றாகப் படியும்.

மீட்ட மிக்ஸியை ஓய்வில்லாமல் ஓட்டாதீர்கள். ஐந்து நிமிடம் ஓடினால் இரண்டு நிமிடம் நிறுத்துங்கள். தேங்காயைக் கீற்றாகப் போடாமல் துருவியோ பொடியாக நறுக்கியோ போட்டால் சுமை குறையும்.

ஒரு கட்டத்தில் விட்டுவிடத்தான் வேண்டும். செம்பு வளையத்தைச் சுற்றி வட்டமாகப் பொறி ஓடினால், கம்பிச்சுற்று கறுத்து வார்னிஷ் கருகும் நெடி போகாமல் இருந்தால், ஆர்மேச்சர், அதாவது மோட்டாரின் சுற்றும் பகுதி, எரிந்துவிட்டது. அதை மாற்றும் செலவு புது மிக்ஸி விலையில் பாதியைத் தாண்டினால் வேண்டாம். அப்போதும் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். நல்ல நிலையிலுள்ள ஜார், மூடி, கப்ளர் ஆகியவற்றைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் அதே திட்ட மிக்ஸி இருந்தால் அவர்களுக்கு உதவும்.