சம்பந்தியிடம் "சாப்பாடு செத்துவிட்டது" என்றேன்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், நான் துருக்கி மொழி படிக்கிறேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். எனவே இந்த முறை மற்ற கேள்விகளுக்கெல்லாம் விடுமுறை.

டீச்சர், ரிட்டயர் ஆன பிறகு எதற்கு இந்த வம்பு? தமிழ் போதாதா?
வாசகர், சூரமங்கலம்

வம்பை இழுத்து வந்தது என் மகன். வேலைக்காகத் துருக்கியில் உள்ள இஸ்மீர் நகரத்துக்குப் போனவன் அங்கேயே பெண்ணும் பார்த்துக்கொண்டான். மருமகள் நன்றாக இங்கிலீஷ் பேசுவாள். அவள் அம்மாவுக்கு ஒரு சொல் வராது. ஞாயிறுதோறும் வீடியோ காலில் சம்பந்திகள் இரண்டு பேரும் முகம் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்போம். எவ்வளவு நேரம்தான் சிரிப்பது?

நான் முதலில் கற்ற சொல் 'துனுர்'. சம்பந்தி என்று பொருள். இங்கிலீஷில் இதற்குத் தனியாக ஒரு சொல் இல்லை, அங்கே இருக்கிறது. அப்பாவோடு பிறந்தவள் 'ஹாலா', அம்மாவோடு பிறந்தவள் 'தெய்ஸெ', தாய்மாமன் 'தாயி'. முன்பின் தெரியாத பெண்ணையும் 'அப்லா', அதாவது அக்கா, என்று கூப்பிடுவார்கள். நம் டவுன் பஸ் கண்டக்டர் "அக்கா, உள்ளே போங்க" என்பாரே, அதேதான்.

மூன்று மாதமாகச் செயலியில் துருக்கி படிக்கிறேன். சொற்கள் தெரிகின்றன, வாக்கியம் வாயில் வரவில்லை. எல்லாமே தலைகீழாக இருக்கிறதே?
கல்லூரி மாணவி, அம்மாபேட்டை

தலைகீழாக நிற்பது துருக்கி இல்லை கண்ணு, நடுவில் நிற்கிற இங்கிலீஷ். அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு போக யாராவது ஓசூரைச் சுற்றிக்கொண்டு போவார்களா? நானும் ஆறு மாதம் அப்படித்தான் சுற்றினேன். அப்புறம் ஒரு நாள் நோட்டில் இருந்த இங்கிலீஷ் பத்தியை அடித்துவிட்டு, பக்கத்தில் தமிழை எழுதினேன்.

'எவ்' வீடு. 'எவ்லெர்' வீடுகள். 'எவ்லெரிமிஸ்' எங்கள் வீடுகள். 'எவ்லெரிமிஸ்தென்' எங்கள் வீடுகளிலிருந்து. 'எங்கள்' மட்டும் பின்னால் போய் ஒட்டிக்கொள்கிறது. மற்றபடி நாம் பள்ளியில் படித்த வேற்றுமை உருபுதான். வினை கடைசியில். 'கெல்தி' என்றால் வந்தான், 'கெல்தி மி?' என்றால் வந்தானா? 'கிதிப் கெல்திம்' என்பது அப்படியே 'போய் வந்தேன்'. 'தியே' என்பது நம் 'என்று'. நம் 'என்று' சொல்லுதலைக் குறிக்கும் 'என்' வினையிலிருந்து வந்ததுபோல, அதுவும் 'சொல்' என்னும் வினையிலிருந்து வந்ததே. 'டீ கீ குடிக்கிறீங்களா' என்கிறோம் இல்லையா? அவர்களுக்கு 'சாய் மாய்'.

'கெல்மிஷ்' என்று ஒரு வடிவம் இருக்கிறது. வந்தான் என்றுதான் பொருள், ஆனால் சொல்பவர் கண்ணால் பார்க்கவில்லை. என் இங்கிலீஷ் புத்தகம் இதை விளக்க இரண்டு பக்கம் மூச்சு வாங்குகிறது. நான் பென்சிலால் ஓரத்தில் 'வந்தானாம்' என்று எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

எல்லாமே அல்வா என்று நினைக்க வேண்டாம். சொல்லில் உள்ள உயிரொலியைப் பார்த்து விகுதியும் நிறம் மாறும்: 'எவ்லெர்', ஆனால் 'கிதாப்லார்'. அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே 'ஓ'. சம்பந்தி 'ஓ' என்று ஆரம்பித்தால் அது அவள் வீட்டுக்காரரா, பூனையா என்று கதை முடியும்போதுதான் தெரிகிறது.

செயலியை விட வேண்டாம், சொல் சேர்க்க அது போதும். துருக்கி மொழியைப் பரப்பும் யூனுஸ் எம்ரே நிறுவனம் இணையத்தில் இலவசமாகவே பாடம் தருகிறது, அதையும் பார். நோட்டில் மட்டும் தமிழ் இருக்கட்டும்.

துருக்கி உச்சரிப்பு நம் வாயில் நுழையுமா?
வாசகி, அழகாபுரம்

இங்கிலீஷ் 'ஐ' எழுத்திலேயே புள்ளி வைத்தது (i), புள்ளி வைக்காதது (ı) என்று இரண்டு தனித்தனி எழுத்துகள் உண்டு. புள்ளி இல்லாததுதான் பலருக்குத் தகராறு. 'காசு', 'பட்டு' என்று சொல்லிப் பாருங்கள். கடைசி உகரத்துக்கு உதடு குவிகிறதா? இல்லை. அந்த ஒலியைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் அது. முப்பது வருஷம் குற்றியலுகரம் நடத்தியவளுக்கு, அது இஸ்மீரில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது ஏற்பட்ட சந்தோஷத்தை வேறு யாரிடம் சொல்ல?

படுத்தியது இன்னொன்று. நாக்கு 'எ' சொல்ல வேண்டும், உதடு 'ஒ' சொல்ல வேண்டும். ஒரு ஞாயிறு காலை முழுக்க அதையே பயிற்சி செய்தேன். வீடியோ காலில் "சாப்பாடு ஆச்சு" என்பதற்கு 'யெமெக் ஒல்து' என்று சொல்ல வேண்டும். பழகின வேகத்தில் சாதாரண 'ஒ' வரவில்லை, புது ஒலிதான் வந்தது. அப்படிச் சொன்னால் 'செத்துவிட்டது'. சம்பந்தி நெஞ்சில் கை வைத்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள் பத்து நிமிஷம் நிறுத்தவில்லை.

அரபு எழுத்தில்தானே எழுதுகிறார்கள்?
வாசகர், செவ்வாய்பேட்டை

1928 வரை. அந்த ஆண்டு, அப்போதைய அதிபர் அத்தாதுர்க் லத்தீன் எழுத்துக்கு (இங்கிலீஷ் எழுத்து மாதிரி) மாற்றினார். 29 எழுத்து, எழுதியதை அப்படியே படிக்கலாம். ஆனால் அரபு, பாரசீகச் சொற்கள் நிறைய மிச்சம். நமக்கும் அதே வழியில் வந்த ஆஜர், மைதானம், தாசில்தார் எல்லாம் அங்கேயும் லேசாக வேஷம் மாற்றி நிற்கின்றன. உங்கள் ஊர்க்காரருக்காக இன்னொன்று: 'பஸார்' என்றால் சந்தை, ஞாயிற்றுக்கிழமைக்கும் அதுவே பெயர். கிழமையின் பெயரில் பேட்டை வைத்த நமக்கு இது புரியாமலா போகும்?

அப்படியானால் தமிழும் துருக்கியும் ஒரே குடும்பமா?
வாசகர், குகை

இல்லை. 1856இல் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல், துருக்கியையும் சேர்த்து 'சித்திய' மொழிகள் என்று ஒரு கூட்டம் கட்டி, திராவிட மொழிகளை அதன் பக்கம் நகர்த்தினார். இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. இரண்டும் சொல்லோடு விகுதிகளை வரிசையாக ஒட்டிக்கொண்டே போகும் ஒட்டுநிலை மொழிகள், அவ்வளவே. அம்மாவுக்கு அங்கே 'அன்னெ' என்று கேட்டதும் எனக்கும் புல்லரித்தது. அதை வைத்துக் குமரிக்கண்டம் வரை போய்விடாதீர்கள்.

துருக்கிக் காப்பி பற்றி எழுதுங்களேன்.
காப்பித் தோட்ட வாசகி, ஏற்காடு

மாவு போல அரைத்த தூளை 'ஜெஸ்வே' என்கிற சின்னக் கைப்பிடிப் பாத்திரத்தில் கொதிக்க வைத்து, வடிகட்டாமல் ஊற்றுவார்கள். சர்க்கரையும் கூடவே கொதிக்கும். அதனால் எவ்வளவு வேண்டும் என்று முன்னாலேயே கேட்டுவிடுவார்கள். காலை உணவுக்குப் பெயர் 'கஹ்வால்தி', காப்பிக்கு முன் சாப்பிடுவது. பழுப்பு நிறம் 'கஹ்வெரெங்கி', நம்ம காப்பிக் கலர். ஆனால் நாள் முழுக்க அவர்கள் குடிப்பது டீதான்.

போன முறை மகனிடம் உங்கள் ஊர்க் கொட்டையை, சிக்கரி கலக்காமல், அரைக் கிலோ கொடுத்தனுப்பினேன். ஒரு வாய் குடித்துவிட்டுச் சம்பந்தி சொன்னாள்: "கூஸெல்மிஷ்." நல்லாயிருக்காம்! குடித்தவளே அவள், இதில் 'ஆம்' எங்கிருந்து வந்தது? "யார் சொன்னது?" என்று கேட்டேன். மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எதிர்பாராமல் இப்போதுதான் தெரிந்துகொண்ட விஷயத்துக்கும் அதே 'மிஷ்' வருமாம். நம் 'ஆம்' அந்த வேலையைச் செய்யாது. நோட்டை எடுத்து, 'வந்தானாம்' பக்கத்தில் 'அட!' என்று எழுதி வைத்திருக்கிறேன்.