பந்தயப் பருவத்துக்கு முன் பழைய டர்ட் பைக்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1974-ஆம் ஆண்டின் ஹோண்டா சிஆர் 250 எம் எல்சினோர் வண்டி ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. குளிர்காலம் முடிந்ததும் தொடங்கும் பழைய வண்டிகளுக்கான மோட்டோகிராஸ் என்னும் மண் தடப் பந்தயத்தில் அதை ஓட்ட விரும்புகிறேன். முதலில் வண்டியை முழுவதும் பிரித்து, சேசிஸுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு, அதன் பிறகு என்ஜினுக்கு வரலாம் என்று நினைக்கிறேன். இந்த வரிசை சரிதானா, ஐயா?

பதில்: ஹோண்டா விற்பனைக்கு விட்ட முதல் டூ ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டி, 1973-இல் வெளிவந்த இந்த எல்சினோர்தான், ஒழுங்காகச் சீர்செய்தால் இன்றும் தடத்தில் துள்ளி ஓடக்கூடியது. ஆனால் நீங்கள் சொன்ன வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். சிலிண்டரைப் போரிங் செய்வதும் (உட்சுவரைக் கடைந்து சற்றுப் பெரிதாக்குவதும்), பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கைப் பிரித்துப் புதிய கனெக்டிங் ராட் போடுவதும் பெரும்பாலும் வெளிப் பட்டறையில் நடக்கும் வேலைகள். குளிர்காலத்தில் உங்களைப் போன்ற எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே போய் நிற்பார்கள். என்ஜினை முதல் வாரத்திலேயே பிரித்து, அளந்து, தேவையான பாகங்களுக்குச் சொல்லி வைத்துவிட்டால், அவை வந்து சேரும் வரையிலான நாட்களில் சேசிஸ், சக்கரம், ஃபோர்க் ஆகியவற்றை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

பிரிப்பதற்கு முன், வண்டி ஓடும் நிலையில் இருந்தால், ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எந்த கியர் நழுவுகிறது, கிளட்ச் எங்கே பிடிக்கிறது, என்ஜின் சூடான பிறகு என்ன சத்தம் வருகிறது என்பதையெல்லாம், மேசைமேல் பிரித்துக் கிடக்கும் பாகங்கள் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை.

ஸ்க்ரூ விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய ஜப்பானிய வண்டிகளின் என்ஜின் மூடிகளில் இருப்பவை, பார்ப்பதற்குச் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ போலவே இருந்தாலும், ஜேஐஎஸ் என்னும் ஜப்பானியத் தரத்தில் வெட்டப்பட்டவை. சாதாரண ஸ்டார் டிரைவர் அந்தத் தலையில் முழு ஆழத்துக்கு இறங்காது. திருப்பும்போது மேலே எழும்பி, தலையை வழித்துவிடும். ஜேஐஎஸ் முனையைக் கொண்ட இம்பேக்ட் டிரைவரை வைத்துச் சுத்தியலால் ஓர் அடி கொடுத்தால், ஐம்பது வருடமாக அசையாத ஸ்க்ரூவும் ‘டிக்’ என்று இளகிக் கொடுக்கும். அந்த ஒரு கருவியை முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

பெயிண்ட் கடைசியில்தான். சேசிஸைப் பழைய பூச்சு போகச் சுத்தம் செய்த பிறகு, ஹேண்டில் தண்டு நுழையும் கழுத்துப் பகுதி, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் அச்சு, கால் வைக்கும் பெக் ஆகியவற்றின் வெல்டிங் ஓரங்களில் விரிசல் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் தேடுங்கள். தூளைச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பவுடர் கோட்டிங் தடிமனானது என்பதால், விரிசல் இருந்தால் அதை மூடி மறைத்துவிடும். பேரிங் அமரும் இடத்தில் படிந்தால் பேரிங் உள்ளே போகாது. என்ஜினைத் தாங்கும் போல்ட் இடங்களில் படிந்தால் எர்த் கிடைக்காமல் ஸ்பார்க் தடுமாறும். இந்த இடங்களையெல்லாம் மறைத்துவிட்டுத்தான் பூச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: சென்ற குளிர்காலத்தில் என் 250 சிசி டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்குப் போரிங் செய்து புதிய பிஸ்டன் போட்டேன். பருவத்தின் முதல் பந்தயத்தில் இரண்டாவது சுற்றிலேயே பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொண்டது. பெட்ரோலில் ஆயில் போதவில்லை என்கிறார் வேலை செய்தவர். ஆயிலை இரட்டிப்பாக்கினால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது, மேலும் மோசமாகவும் கூடும். கார்புரேட்டரின் ஜெட் என்னும் சிறு துளை வழியே செல்லும் கலவையில் ஆயில் கூடினால், அந்த அளவுக்குப் பெட்ரோல் குறையும். அப்போது காற்றோடு சேரும் எரிபொருள் மெலிந்து, என்ஜின் இன்னும் சூடேறும். 32-க்கு 1 என்ற விகிதம் என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 31 மில்லிலிட்டர் ஆயில். எந்த விகிதத்துக்கு ஜெட் அமைத்தீர்களோ, அதிலேயே நில்லுங்கள்.

முதலில் பிடித்துப்போன அந்த பிஸ்டனைக் கையில் எடுத்துப் பாருங்கள். குப்பையில் போட்டிருந்தால் தேடி எடுங்கள், ஏனென்றால் நடந்ததற்குச் சாட்சி அதுதான். சுற்றுப்புறத்தில் நான்கு இடங்களில், மூலைக்கு ஒன்றாக, நெடுக்குக் கீறல்கள் இருந்தால், என்ஜின் சூடாவதற்குள் முறுக்கிவிட்டீர்கள் என்றோ, பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி போதவில்லை என்றோ பொருள். அலுமினிய பிஸ்டன், சிலிண்டரின் உட்சுவரான வார்ப்பிரும்பு லைனரைவிட விரைவாகவும் அதிகமாகவும் விரிவடையும். இடைவெளியை அந்த வண்டியின் கையேடு தரும் எண்ணுக்கே அமைத்துக் கொடுக்கச் சொல்ல வேண்டுமே தவிர, போரிங் செய்பவரின் கைப்பழக்கத்துக்கு விடக் கூடாது. மாறாக, கீறல் சைலன்சர் பக்கத்தில் மட்டும் இருந்து, பிஸ்டனின் தலையும் வெந்து வெளுத்திருந்தால், கலவை மெலிந்து போயிருக்கிறது.

மெலிவுக்குக் காரணம் ஜெட் என்று எல்லோரும் உடனே கார்புரேட்டரைத் திறப்பார்கள். பழைய வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது கிராங்கின் இரு முனைகளிலும் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலைத்தான். டூ ஸ்ட்ரோக் என்ஜினில், கிராங்க் சுழலும் கூடான கிராங்க் கேஸும் ஒரு பம்ப். அங்கே காற்று புகுந்தால், எந்த ஜெட் போட்டாலும் கணக்கு தப்பும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு, சைலன்சரில் வெண்புகை தள்ளும், அதனால் கண்டுபிடித்துவிடலாம். ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட் பக்கத்து சீல் போனால் புகை எதுவும் வராது. காற்று மட்டும் சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும். வருடக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில் அந்த ரப்பர் உதடு நகத்தால் அழுத்தினாலும் வளையாத அளவுக்கு இறுகிப் போயிருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் நானும் புதிய பிஸ்டன் ஒன்றை இப்படித்தான் இழந்தேன். சீல் பார்வைக்கு நன்றாக இருக்கிறதே என்று அப்படியே விட்டிருந்தேன்.

இதைச் சோதிக்கும் வழி எளிது. கார்புரேட்டர் மாட்டும் வாயையும் சைலன்சர் மாட்டும் வாயையும் ரப்பர் அடைப்பால் இறுக்கி மூடி, பிளக் துளையிலோ அடைப்பின் வழியாகவோ சிறிய கைப் பம்பையும் அழுத்தமானியையும் பொருத்துங்கள். சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு அழுத்தம் போதும். அதற்கு மேல் மிகவும் ஏற்றினால் நல்ல சீலே இடம் பெயர்ந்துவிடலாம். நிமிடத்துக்கு 1 பவுண்டுக்கு மேல் குறையக் கூடாது. குறைந்தால், மேக்னெட்டைக் கழற்றிவிட்டு, சோப்புத் தண்ணீரைச் சிறு தூரிகையால் சீலைச் சுற்றித் தடவி, முகத்தை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். கடுகு அளவு குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து உடைவது கண்ணுக்குத் தெரியும். சிலிண்டரின் அடி கேஸ்கெட், கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள ரப்பர், கிராங்க் கேஸின் இணைப்புக் கோடு ஆகியவற்றிலும் அப்படியே தடவிப் பாருங்கள்.

கசிவு இல்லை என்று உறுதியான பிறகே ஜெட்டுக்கும் இக்னிஷன் டைமிங்குக்கும் வர வேண்டும். முதல் ஓட்டத்தில் என்ஜினைச் சில நிமிடம் மிதமாக ஓட்டிச் சூடாக்கி, கை வைக்கும் அளவுக்கு முழுவதும் ஆற விட்டு, இதை இரண்டு மூன்று முறை செய்து, சிலிண்டர் ஹெட்டின் நட்டுகளை மறுபடி சரிபாருங்கள். பந்தயத் தடமே புதிய பிஸ்டனுக்கு முதல் ஓட்டமாக அமையக் கூடாது.

கேள்வி: கிராங்க் கேஸில் புதிய பேரிங்கை அடித்து இறக்கும்போது அது சாய்ந்து, இடமே கீறிவிட்டது. என்ன தவறு செய்தேன்?

பதில்: அடித்ததுதான் தவறு. அலுமினியம், எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் உலோகம். பேரிங்கைப் பையில் சுற்றி முந்தைய இரவே ஃப்ரீசரில் வையுங்கள். சுத்தம் செய்து உலர்த்திய கேஸை ஓவனில் 100 டிகிரி அளவுக்குச் சூடாக்குங்கள். தண்ணீர்த் துளி தெறித்தால் ‘சுர்’ என்று மறையும் சூடு அது. கையுறையோடு பேரிங்கை நேராக வைத்தால், தானாகவே இறங்கி ‘டொக்’ என்று அடியில் அமரும். சில நொடிகளில் சூடு பரவி இறுகிவிடும் என்பதால், எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

கேள்வி: பழைய டிரம் பிரேக்கைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. அந்தக் காலத்து பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஊதினால் அந்தத் தூள் உங்கள் நுரையீரலுக்குத்தான் போகும். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: என் 1974 வண்டிக்குப் பிற்காலத்து நீண்ட ஃபோர்க்கைப் பொருத்தினால் வசதியாக இருக்கும் என்கிறார்கள். பந்தயத்தில் ஒப்புக்கொள்வார்களா?

பதில்: பழைய வண்டிகளின் வகுப்புகள் பிரிக்கப்படுவதே பெரும்பாலும் சஸ்பென்ஷனை வைத்துத்தான். 1973-இல் ஸ்வீடனின் ஹோகன் ஆண்டர்சன், பின்பக்கம் ஒற்றை ஷாக் அப்சார்பர் கொண்ட யமஹாவில் 250 சிசி உலகப் பட்டத்தை வென்றார். அதற்கடுத்த இரண்டு, மூன்று ஆண்டுகளில் சக்கரங்கள் மேலும் கீழும் அசையும் தூரம் எல்லா நிறுவன வண்டிகளிலும் வெகுவாகக் கூடிவிட்டது. அதற்கு முந்தைய வண்டிகளும் பிந்தையவையும் ஒன்றாக ஓடினால் போட்டியே இருக்காது. பழைய வண்டிப் பந்தயங்களை நடத்தும் அமெரிக்காவின் ஏஎச்ஆர்எம்ஏ அமைப்பு, தன் விண்டேஜ் வகுப்பில் இந்த அசைவுக்கு முன்பக்கம் 7 அங்குலமும் பின்பக்கம் 4 அங்குலமும் மட்டுமே அனுமதிக்கிறது. நீங்கள் ஓடப்போகும் அமைப்பின் விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு, பிறகு ஃபோர்க்கைத் தேடுங்கள். பழைய ஃபோர்க்கையே வைத்துக்கொள்வதாக இருந்தால், புதிய சீல் போடுமுன் உள்குழாயை விரல் நுனியால் மேலிருந்து கீழாகத் தடவிப் பாருங்கள். துருக் குழி நெருடினால், எந்தச் சீலும் இரண்டு பந்தயத்துக்கு மேல் தாங்காது, குழாயையே மாற்ற வேண்டும்.